இன்ஜின் சரி, புக்கில் யார் பெயர்?

தீபாவளி போனஸ் கைக்கு வரும் நாட்களில் சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர் பக்கம் பழைய டூவீலர் தேடாத தெரு குறைவு. ஏழாயிரம்பண்ணை, தாயில்பட்டி, வெம்பக்கோட்டை என்று பட்டாசு ஆலைகள் கரிசல் காட்டுக்குள் சிதறிக் கிடக்கின்றன. கம்பெனி வேனைத் தவறவிட்டால் அன்றைய கூலி போச்சு. புது வண்டிக்குத் தவணை கட்ட வழியில்லாத வீட்டுக்கு செகண்ட் ஹேண்ட் வண்டிதான் கால். வாங்கப் போகிறவர் விவரமானவர்தான். தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப் போகிறார், புகை பார்க்கிறார், ஓட்டிப் பார்க்கிறார், ஆயிரம் இரண்டாயிரம் குறைத்துப் பேசுகிறார். அதன்பின் ஆர்.சி. புக்கையும், விற்றவர் கையெழுத்து மட்டும் போட்ட 29, 30ஆம் எண் பெயர் மாற்றப் படிவங்களையும் வாங்கி பீரோவில் வைத்துவிட்டு, வியாபாரம் முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார். பழைய வண்டியில் கெட்டுப்போனால் அதிக நஷ்டம் தரும் பாகம் எது என்று கேட்டால், அந்த பீரோவில் கிடக்கும் பெயர்தான் என்பேன். இன்ஜின் அதற்கு அப்புறம்.

இன்ஜினை முதலில் பார்த்துவிடுவோம். இந்த வட்டாரத்தில் அதிகம் கைமாறுபவை 100 சிசி வண்டிகளும் டிவிஎஸ் எக்ஸ்எல்களும். ஸ்ப்ளெண்டர் 1994இல் வந்தது. இத்தனை ஆண்டுகளில் அதன் இன்ஜினைப் பிரித்து மாட்டத் தெரியாத மெக்கானிக் அரிது, உதிரி பாகம் கிடைக்காத ஊரும் அரிது. பிஸ்டன் ரிங், கிளட்ச் பிளேட், செயின் ஸ்ப்ராக்கெட், கோன் செட் எல்லாம் மாற்றக்கூடியவை. மாற்றினால் எவ்வளவு ஆகும் என்று நாலு கடையில் விசாரித்து அதை விலையில் கழித்துக்கொள்ளலாம். காலையில் விற்பவர் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே போய், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது உதைத்துப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது: ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கிறது. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசைத்தால், ஹேண்டிலுக்குக் கீழே 'டக்' என்று தட்டும் சத்தம் கோன் செட்டைச் சொல்லும். ஸ்ப்ராக்கெட்டின் பற்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கூராகியிருந்தால் செயினோடு சேர்த்து மாற்ற வேண்டும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 3221 என்றால் 2021ஆம் ஆண்டின் 32ஆவது வாரத்தில் செய்த டயர். தேதி பழையது என்றால், பட்டன் தேயாமல் இருந்தாலும் ரப்பர் கிழடு தட்டியிருக்கும். மீட்டரில் ஓடிய கிலோமீட்டரை நான் பெரிதாக நம்புவதில்லை. கேபிளைக் கழற்றிவிட்டு ஓட்டினால் பழைய மீட்டர் நின்றுவிடும். பெடல் ரப்பரும் ஹேண்டில் கிரிப்பும் தேய்ந்த அளவு அதைவிட நேர்மையான சாட்சி.

கரிசல் மண்ணுக்கென்று சில தனி வேலைகள் உண்டு. கோடையில் அது மாவாகப் பறந்து ஏர் ஃபில்டரை அடைக்கும். மழையில் களிம்பாக மட்கார்டுக்குள்ளும் செயின் கவருக்குள்ளும் ஏறி உட்கார்ந்து, ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு இரும்பைத் தின்னும். ஆகவே பளபளக்கும் டேங்க்கைத் தடவிப் பார்ப்பதைவிட, குனிந்து சைலன்சரின் அடிப்பாகத்தையும் பின் மட்கார்டின் உள்பக்கத்தையும் பார்ப்பது மேல். ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றச் சொன்னால் முந்தைய சொந்தக்காரர் வண்டியைப் பராமரித்தாரா என்பது ஒரே நிமிடத்தில் தெரியும். இருந்தாலும் இது வறண்ட மாவட்டம். உப்புக் காற்று கிடையாது. கடற்கரை ஊர்களில் ஓடிய வண்டிக்குத் துரு சீக்கிரம் பிடிக்கும். இன்னொரு விஷயத்தையும் மறக்கக் கூடாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழையில், காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. தூத்துக்குடியிலும் தாமிரபரணிக் கரையிலும் வண்டிகள் மூழ்கின. மூழ்கிய வண்டியைக் கழுவி, பாலிஷ் போட்டு விற்பதைத் தடுக்க யாரும் இல்லை. ஆயில் மூடியைத் திறந்தால் மோர் போல வெளுத்த கலவை தெரிகிறதா, ஹெட்லைட்டுக்குள்ளே துருவோ மண் படிவமோ இருக்கிறதா, வயர் சாக்கெட்டுகளில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். நம்பர் பிளேட்டில் டிஎன் 67, 84, 95 என்று விருதுநகர் மாவட்டத்து எண் இருப்பது மட்டும் போதாது. வண்டி முதலில் எங்கே பதிவானது என்பதைத்தான் அந்த எண் சொல்லும்.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ் 6 மோட்டார் சைக்கிள் என்றால் அநேகமாக கார்புரேட்டர் இருக்காது. எரிபொருளை சென்சார் சொல்படி ஊசி செலுத்தும். சாவி போட்டதும் மீட்டரில் இன்ஜின் விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ அதைத் துண்டித்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். கிராமத்துப் பட்டறைகளில் ஸ்கேனர் இல்லாத இடங்களில் பழைய கார்புரேட்டர் வண்டிக்கு இன்னும் மவுசு இருப்பதில் நியாயம் உண்டு.

மேலே சொன்ன கோளாறுகள் அத்தனைக்கும் ஒரு விலை உண்டு, அந்த விலைக்கு ஒரு வரம்பும் உண்டு. பெயர் மாற்றாத புக்கின் விலைக்கு வரம்பு கிடையாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆவது பிரிவு, மாநிலத்துக்குள் வண்டியை விற்றவர் 14 நாளுக்குள்ளும், வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தெரிவிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் சொல்லிவிட்டது. 2007இல் விற்கப்பட்ட ஒரு கார் ஒருவர் மாற்றி ஒருவரிடம் போய், 2009இல் விபத்தில் சிக்கியது. புக்கில் மட்டும் முதல் ஆளின் பெயரே இருந்தது. சட்டத்தின் பார்வையில் உரிமையாளர் பதிவேட்டில் பெயர் உள்ளவர்தான், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று தீர்ப்பானது. இன்சூரன்ஸ் நடப்பில் இருந்தால் அடிபட்டவருக்குக் கம்பெனி கொடுக்கும். ஆனால் பழைய எக்ஸ்எல்லுக்கு வருடா வருடம் இன்சூரன்ஸ் கட்டுபவர் எத்தனை பேர்? எப்போதோ பதினைந்தாயிரத்துக்கு விற்றுத் தலைமுழுகிய வண்டிக்காக, விபத்துத் தீர்ப்பாயத்திலிருந்து சம்மன் வந்து லட்சக்கணக்கில் பொறுப்பேற்கும் நிலை விற்றவருக்கு வரும்.

இது விற்றவர் கவலை, எனக்கென்ன என்று வாங்குபவர் நினைத்தால் அதுவும் பிசகு. அவருடைய நஷ்டம் இன்னும் பெரியது. "அஞ்சு வருஷ இன்சூரன்ஸ் இருக்கு சார்" என்று விற்பவர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. 2018 செப்டம்பர் முதல் புது டூவீலருக்கு ஐந்தாண்டு இன்சூரன்ஸ் கட்டாயம். ஆனால் அந்தக் கட்டாயம் மூன்றாம் நபருக்கான காப்பீட்டுக்கு மட்டும். சட்டத்தின் 157ஆவது பிரிவின்படி வண்டியோடு தானாக மாறிவருவதும் அந்தப் பகுதிதான். வண்டி திருடு போனாலோ எரிந்தாலோ கிடைக்கும் பணத்துக்கு, பாலிசியை 14 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்றியிருக்க வேண்டும். ஓட்டுகிற உரிமையாளருக்கு 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு என்று ஒன்று இருக்கிறதே, அது புக்கிலும் பாலிசியிலும் பெயர் உள்ள, லைசென்ஸ் வைத்திருக்கும் ஆளுக்கு மட்டும். நிங்கம்மா வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றம், இரவல் வாங்கிய மோட்டார் சைக்கிளை ஓட்டி இறந்தவர் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார், ஆகவே அவருடைய குடும்பம் 163ஏ பிரிவின்கீழ் இழப்பீடு கேட்க முடியாது என்றது. பெயர் மாற்றாமல் ஓட்டுபவரின் நிலை இதைவிடப் பரிதாபம். பொறுப்பு என்று வரும்போது சட்டம் அவரை உரிமையாளர் இடத்தில் நிறுத்தலாம். பலன் என்று வரும்போது பதிவேட்டில் அவர் பெயர் இராது. சாலையில் விழுந்தால் வீட்டுக்கு ஒன்றும் வராது.

ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஆர்டிஓ ஆபீஸுக்கு அலைய முடியாது என்பார்கள். உண்மை, புரோக்கருக்கும் சேர்த்து அழ வேண்டியிருக்கிறது என்பதும் உண்மை. ஆனால் அரசுக் கட்டணம் சில நூறு ரூபாய்தான். ஒரு கிளட்ச் பிளேட் மாற்றத் தயங்காதவர் இதற்குத் தயங்குவது எனக்கு விளங்கவில்லை. தெரிந்தவர், சொந்தக்காரர், எப்போது கேட்டாலும் கையெழுத்துப் போடுவார் என்பது அடுத்த சமாதானம். அந்தச் சொந்தக்காரர் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டால்? இறந்துவிட்டால் படிவமே வேறு, 31ஆம் எண்; வாரிசுகள் எல்லோரையும் தேடிப் பிடிக்க வேண்டும். கன்சல்டிங்காரரே பார்த்துக்கொள்வார் என்பவர்களுக்கு ஒரு கேள்வி: அவரிடம் அங்கீகாரச் சான்று இருக்கிறதா? 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள விதிப்படி, அங்கீகாரம் பெற்ற பழைய வண்டி வியாபாரியிடம் வண்டியை ஒப்படைத்து அதைப் படிவத்தில் பதிவும் செய்துவிட்டால், அவர் விற்கும்வரை அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். விற்பவருக்கு இது நல்ல கவசம், கேட்பவர்தான் குறைவு.

டியூ பாக்கி உள்ள வண்டி வேறு சங்கதி. புக்கில் பைனான்ஸ் கம்பெனி பெயர் இருந்தால், கடன் அடைந்ததற்கான 35ஆம் படிவமும் என்ஓசியும் இல்லாமல் அட்வான்ஸ்கூடக் கொடுக்கக் கூடாது. மீதித் தவணையை நீங்களே கட்டிக்கொள்ளுங்கள் என்று விலை குறைத்துத் தருவார்கள். ஆலை மூடிக் கிடக்கும் மாதத்தில் தவணை தவறினால் வண்டியைத் தூக்கிக்கொண்டு போவார்கள். கட்டிய பணத்துக்கு உங்கள் பெயரில் ஒரு சீட்டும் இருக்காது. பதினைந்து வருடம் தாண்டப்போகிற வண்டி என்றால் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தையும் விலையில் கழியுங்கள்.

ஆகவே மெக்கானிக்கை ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போங்கள். பணத்தை மட்டும் ஆர்டிஓ ஆபீஸ் திறந்திருக்கும் நாளில் கொடுங்கள். அதற்கு முன் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு, பைனான்ஸ், இன்சூரன்ஸ் தேதி இரண்டையும் பாருங்கள். நிலுவை அபராதம் இருக்கிறதா என்று இ-செலான் தளத்தில் பாருங்கள். சேஸிஸில் அடித்த எண்ணும் இன்ஜின் எண்ணும் புக்கோடு ஒத்துப்போகின்றனவா என்று டார்ச் அடித்துப் படியுங்கள். பேசிய விலையில் ஒரு பகுதியை, புக் உங்கள் பெயருக்கு மாறிய பிறகு தருவதாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு ஒத்துக்கொள்ளாதவரிடம் எவ்வளவு நல்ல இன்ஜின் இருந்தாலும் அந்த வண்டி வேண்டாம்.