உங்க போன்ல ‘கூட்ரோடு’ இருக்கா?

கேன்டீன்ல டீ ஆறிப்போனாலும் பரவாயில்லைனு ஒரு சண்டை நடக்கும். ‘ஆண்ட்ராய்டா, ஐபோனா?’ அவ்ளோதான்! ரஜினி - கமல், அஜித் - விஜய் சண்டையெல்லாம் இதுக்கு முன்னாடி தூசு. ‘கேமராவைப் பாருடா’னு ஒரு கோஷ்டி. ‘அந்தக் காசுக்கு செகண்ட் ஹேண்ட்ல பைக்கே வாங்கலாம்’னு இன்னொரு கோஷ்டி. பெல் அடிச்சாலும் தீர்ப்பு வராது.

ஒரு சின்ன டவுட் பாஸ்... இந்தக் கம்பெனிகள்ல எதுவாவது நமக்கு மாமனா, மச்சானா? அவங்களுக்காக நாம ஏன் தொண்டைத் தண்ணி வத்தக் கத்தணும்? காசு கொடுக்கறது நாம. அதுவும் நம்மள்ல பாதிப் பேருக்கு அது அப்பா, அம்மா காசு. இல்லேன்னா மாசாமாசம் கட்டற இ.எம்.ஐ. அப்போ ரசிகர் மன்றம் வைக்கறதை விட்டுட்டு, கேள்வி கேக்கறதுதானே முறை?

என்ன கேள்வி? அதை எங்க கோலியனூர் சொல்லித் தருது!

விழுப்புரத்துல பஸ் ஏறினா கொஞ்ச நேரத்துல வர்ற ஊர் கோலியனூர். இங்கே ஃபேமஸ், கூட்ரோடு. ஒரு ரோடு வளவனூர் வழியா பாண்டிக்குப் போகும். இன்னொண்ணு பண்ருட்டிப் பக்கம் திரும்பும். பஸ் மாறி ஏறிட்டீங்களா? டென்ஷனே வேண்டாம். கூட்ரோட்ல இறங்கி, வேற பஸ் பிடிச்சுடலாம். ‘இறங்கணும்னா பையை இங்கேயே வெச்சுட்டு இறங்கு’னு எந்த கண்டக்டரும் சொல்ல மாட்டார்.

போன், லேப்டாப், ஆப்... எதுவா இருந்தாலும் கேக்க வேண்டிய கேள்வி இதுதான்: ‘நடுவுல இறங்கணும்னா, என்னைப் பையோட இறங்க விடுவாங்களா?’

சின்ன உதாரணம். 2011 ஜனவரி 20-ம் தேதிக்கு முன்னாடி நம்ம ஊர்ல சிம் கம்பெனியை மாத்தினா, நம்பரும் போச்சு. நம்பரைத் தெரிஞ்சவங்க, சொந்தக்காரங்க எல்லாருக்கும் திரும்பச் சொல்லணும். அதுக்குப் பயந்தே டவர் கிடைக்காத கம்பெனியோட குடும்பம் நடத்தினவங்க நிறைய. அன்னிக்கு நாடு முழுக்க ‘நம்பரை மாத்தாம கம்பெனியை மாத்தலாம்’னு வந்துச்சு. ஒரே ஒரு கூட்ரோடு... கம்பெனிகள் நம்மளைத் தாங்கு தாங்குனு தாங்க ஆரம்பிச்சாங்க!

சரி, இப்போ ஒவ்வொருத்தருக்கா மார்க் போடுவோம். பேப்பர் திருத்தறது நாம, அவங்க இல்லை!

நோக்கியா: கூட்ரோட்ல திரும்பாத பஸ்

2003-ல வந்த நோக்கியா 1100 உலகம் முழுக்க 25 கோடிக்கும் மேல வித்தது. பின்பக்க மூடியை நகத்தால தள்ளினா பேட்டரி கைல வந்துடும். உப்பிப் போச்சா? தெருமுனைக் கடைல வேற வாங்கி நாமே மாட்டிக்கலாம். அது ஒரு கெத்து! ஸ்ரீபெரும்புதூர்ல 2006-ல போன் தயாரிக்க ஆரம்பிச்சாங்க.

ஆனா, ஆண்ட்ராய்டு அலை வந்தப்போ அந்தப் பக்கம் போகாம, 2011 பிப்ரவரியில மைக்ரோசாஃப்ட்டோட விண்டோஸ் போன்தான் எதிர்காலம்னு முடிவு பண்ணாங்க. ஆப் இல்லாத போனை யாரு வாங்குவா? 2014 ஏப்ரல்ல மொபைல் பிரிவு மைக்ரோசாஃப்ட் கைக்குப் போச்சு. வரி வழக்குல மாட்டின ஸ்ரீபெரும்புதூர் ஆலை அந்த டீல்ல சேரலை. அதே வருஷம் நவம்பர் 1-ம் தேதியோட அங்கே வேலை நின்னுடுச்சு. இன்ஜினீயரிங் படிக்கறவங்க இந்தக் கதையை ஃப்ரேம் போட்டு மாட்டலாம். பெரிய கம்பெனிங்கறது கேரன்டி கார்டு இல்லை.

மார்க்: போனுக்கு 10-க்கு 8. முடிவுக்கு 2.

ஆப்பிள்: பூட்டு சூப்பர், சாவி?

ஆப்பிளைக் கலாய்க்கறது ஈஸி. ஆனா 2015-ல வந்த ஐபோன் 6எஸ்-க்கு 2021-ல கூட புது ஐ.ஓ.எஸ். 15 கிடைச்சது. அப்போ ஆண்ட்ராய்டு பக்கம் ரெண்டு, மூணு வருஷம் கிடைச்சாலே திருவிழா. இந்த விஷயத்துல சபாஷ்.

ஆனா 2017 டிசம்பர்ல ஒரு குட்டு உடைஞ்சுது. பேட்டரி பழசான ஐபோன்களோட வேகத்தை சாஃப்ட்வேர் அப்டேட் மூலமா குறைச்சதை அவங்களே ஒத்துக்கிட்டாங்க. போன் பட்டுனு ஆஃப் ஆகாம இருக்கத்தான் அப்படிப் பண்ணோம்னு சொன்னாங்க. காரணம் நியாயமாவே இருக்கட்டும், வாங்கினவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? ‘போன் ஸ்லோ ஆயிடுச்சு, புதுசு வாங்கிடலாம்’னு எத்தனை பேர் பர்ஸைத் திறந்திருப்பாங்க! அப்புறம் மன்னிப்புக் கேட்டு, பேட்டரி மாத்தற கட்டணத்தை 79 டாலர்லேர்ந்து 29 டாலராக் குறைச்சாங்க.

சார்ஜர் கதையும் அப்படித்தான். ஊர் முழுக்க டைப்-சி-க்கு மாறியும் ஐபோனுக்கு மட்டும் தனி கேபிள். ஐரோப்பிய யூனியன் ‘எல்லாருக்கும் ஒரே போர்ட்’னு சட்டம் கொண்டுவந்தப்புறம், 2023-ல ஐபோன் 15 டைப்-சி-யோட வந்துச்சு. அதே ஸ்ரீபெரும்புதூர்ல இன்னிக்கு ஐபோன் அசெம்பிள் ஆகுது. போன் செய்யறது நம்ம பக்கம், சாவி இருக்கறது கலிஃபோர்னியாவுல!

மார்க்: 10-க்கு 6.

கூகுள்: இலவசம்னா எவ்ளோ நாளைக்கு?

சுந்தர் பிச்சை மதுரையில பிறந்து சென்னையில வளர்ந்தவர்தான். அதுக்காக கிரேஸ் மார்க் கிடையாது!

ஆர்குட் ஞாபகம் இருக்கா? நமக்கு இல்லேன்னாலும் அண்ணன், அக்காவைக் கேளுங்க... கண்ணு கலங்கிடும். 2014 செப்டம்பர் 30-ல இழுத்து மூடிட்டாங்க. அதுக்கு முந்தின வருஷம் கூகுள் ரீடர், 2019-ல கூகுள் பிளஸ். கூகுள் போட்டோஸ்ல அன்லிமிடெட் இலவசம்னு சொன்னாங்க. நாமளும் ஊர்த் திருவிழாலேர்ந்து உப்புமா வரைக்கும் படம் எடுத்துத் தள்ளினோம். 2021 ஜூன் 1-லேர்ந்து புதுப் படமெல்லாம் 15 ஜிபி கணக்குல சேர ஆரம்பிச்சுது. வந்து உட்கார்ந்தப்புறம் இலைக்குக் காசு!

ஆனா ஒரு நல்ல விஷயம். ‘டேக்அவுட்’னு ஒரு வசதி 2011-லேர்ந்தே இருக்கு. நம்ம மெயில், போட்டோ, கான்டாக்ட் எல்லாத்தையும் மூட்டை கட்டி டவுன்லோடு பண்ணிக்கலாம். கூட்ரோடு இருக்கு, போர்டுதான் கண்ணுல படாது. செமஸ்டர் லீவுல ஒருதடவை பண்ணி, ஹார்ட் டிஸ்க்ல போட்டு வைங்க.

மார்க்: 10-க்கு 6.

மைக்ரோசாஃப்ட்: பரண்ல தூங்கற பொக்கிஷம்

இது நம்ம வீட்டு மேட்டர். 2011 செப்டம்பர் 15-ம் தேதி தமிழ்நாடு அரசு இலவச லேப்டாப் திட்டம் ஆரம்பிச்சுது. அண்ணனோ அக்காவோ பிளஸ் டூ-வுல வாங்கின அந்த லேப்டாப் இப்போ பல வீட்டுப் பரண்ல தூங்குது. அதுக்கும் அப்புறம் வாங்கின லேப்டாப்களுக்கும் இப்போ ஒரு சிக்கல். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ம் தேதியோட சப்போர்ட் முடிஞ்சுது. பாதுகாப்பு அப்டேட்டுக்கு மட்டும் ஒரு வருஷம் நீட்டிப்பு வாங்கிக்கலாம்னு சொன்னாங்க. விண்டோஸ் 11 போடலாம்னா, 4 ஜிபி ராம், டி.பி.எம். 2.0 சிப், புது தலைமுறை ப்ராசஸர்னு கேக்கும். பழைய மெஷின் வாசல்லயே நிக்கும். திரை, கீபோர்டு எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா, ‘நீ கிழவன்’னு வேற யாரோ முடிவு பண்றாங்க!

அரசு லேப்டாப்லயே ஒரு கூட்ரோடு போட்டுத்தான் கொடுத்தாங்க. விண்டோஸோட ‘பாஸ்’ லினக்ஸும் சேர்ந்தே வந்துச்சு. பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்ங்கறதோட சுருக்கம்தான் இந்த பாஸ். சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை வெச்சு உருவாக்கினது. ஆன் பண்ணதும் ரெண்டு பேர் வரும், நம்ம ஆளுங்க பழகின பேரையே அமுக்கினாங்க. என்னைக் கேட்டா, தப்பு அவங்க மேல இல்லை. கதவைக் கொடுத்தோம், கதவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு சொல்லித் தர ஆளைக் கொடுக்கலை.

அந்த வேலையைச் செய்யற ஆளுங்க விழுப்புரத்துலயே இருக்காங்க! ‘விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு’னு ஒரு தன்னார்வக் குழு, மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருளைச் சொல்லித் தருது. தமிழ்ல படிக்கணுமா? 2012-லேர்ந்து ‘கணியம்’ இதழ் இருக்கு. லினக்ஸை 1991-ல எழுத ஆரம்பிச்ச லினஸ் டோர்வால்ட்ஸுக்கு அப்போ வயசு 21. ஹெல்சிங்கியில காலேஜ் ஸ்டூடன்ட். இன்னிக்கு உங்க ஆண்ட்ராய்டு போனுக்குள்ள ஓடறதும் அந்த லினக்ஸ்தான்.

ட்ரை பண்ணலாமா? பென்டிரைவ்ல லினக்ஸ் மின்ட் மாதிரி ஒண்ணை ஏத்தி, இன்ஸ்டால் பண்ணாமலேயே ஓட்டிப் பார்க்கலாம். பிடிச்சா மட்டும் ஃபைல்களை பேக்கப் எடுத்துட்டு உள்ளே இறக்குங்க. பைதான், சி, அர்டுயினோ, லிப்ரே ஆபீஸ் எல்லாம் ஓடும். மேட்லாப் வேலைக்கு ஆக்டேவ் இருக்கு. ஒளிக்காமச் சொல்லணும்னா, மெக்கானிக்கல், சிவில் மக்கள் கவனம். ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ் நேரடியா லினக்ஸ்ல ஓடாது. ஃப்ரீகேட் இருக்கு, ஆனா லேப்ல கேக்கறது அது இல்லையே!

மார்க்: மைக்ரோசாஃப்ட்டுக்கு 10-க்கு 5. பாஸ் லினக்ஸுக்கு 7. அதுல 2 ஆறுதல் மார்க்.

ஸோஹோ: நம்ம வீட்டுப் பிள்ளைக்கும் அதே கொஸ்டின் பேப்பர்

1996-ல அட்வென்ட்நெட்னு ஆரம்பிச்சு, 2009-ல ஸோஹோனு பேர் மாத்தின கம்பெனி. தென்காசி பக்கம் மத்தளம்பாறையில உட்கார்ந்து உலகத்துக்கு சாஃப்ட்வேர் விக்கறாங்க. பிளஸ் டூ, டிப்ளமோ முடிச்சவங்களுக்கு உதவித்தொகை கொடுத்துச் சொல்லித்தந்து, வேலையும் கொடுக்கறாங்க. டிகிரி, ஆர்க்குனு அலையற நமக்கு லேசா வயித்தெரிச்சலாக்கூட இருக்கும்!

2021-ல வந்த அவங்களோட ‘அரட்டை’, 2025 செப்டம்பர் கடைசியில டவுன்லோடுல எகிறுச்சு. ஊரே ‘வாட்ஸ்அப்புக்கு டாட்டா’னு ஸ்டேட்டஸ் போட்டுச்சு, அதையும் வாட்ஸ்அப்லயே! அந்த நேரத்துல கால்களுக்கு இருந்த முழு என்கிரிப்ஷன் மெசேஜ்களுக்கு இல்லை. ‘நம்ம ஊர் ஆப்’ங்கறதுக்காக அதைக் கேக்காம விடறது பாசம் இல்லை பாஸ், சோம்பேறித்தனம். அப்படிக் கேட்டவங்கதான் உண்மையா உதவி பண்ணாங்க.

ஆனா, ஸ்ரீதர் வேம்பு அப்போ சொன்ன ஒரு விஷயம் நச். மெசேஜ் ஆப் எல்லாம் யு.பி.ஐ., இ-மெயில் மாதிரி ஒண்ணோட ஒண்ணு பேசணும்னார். யோசிச்சுப் பாருங்க. உங்க ஜிபேலேர்ந்து டீக்கடை அண்ணனோட போன்பேக்குக் காசு போகுது. ஒரு ‘ஹாய்’ மட்டும் ஏன் ஆப் விட்டு ஆப் போகக் கூடாது? அது நடந்தா அதான் ஒரிஜினல் கோலியனூர் கூட்ரோடு!

மார்க்: 10-க்கு 7. சொன்னதைச் செஞ்சா 9.

கடைக்குப் போறதுக்கு முன்னாடி...

அடுத்த தடவை கடைக்காரர், ‘லேட்டஸ்ட் மாடல் தம்பி’, ‘கலர் சூப்பர்மா’னு எடுத்துவிடறப்போ, நாலே நாலு கேள்வி கேளுங்க.

ஒண்ணு: எத்தனை வருஷம் அப்டேட்? 2023-ல பிக்ஸல் 8-க்கு கூகுளும், 2024-ல கேலக்ஸி எஸ்24-க்கு சாம்சங்கும் 7 வருஷம்னு வாக்குக் கொடுத்தாங்க. விலை குறைஞ்ச போன்ல அவ்ளோ எதிர்பார்க்க முடியாது, ஆனா எவ்ளோனு கேக்கலாமே?

ரெண்டு: பேட்டரி, டிஸ்ப்ளே மாத்த எவ்ளோ ஆகும்? ஐரோப்பாவுல 2025 ஜூன் 20-லேர்ந்து புது மாடல் போன்களுக்கு, விற்பனை நின்னப்புறமும் 7 வருஷம் உதிரி பாகம் கிடைக்கணும்னு விதி. நம்ம மத்திய அரசும் 2022 டிசம்பர்ல ‘ரைட் டு ரிப்பேர்’ தளம் ஆரம்பிச்சுது. தளம் ஓகே, ஐரோப்பா மாதிரி கட்டாயம் எப்போ?

மூணு: என் போட்டோ, நோட்ஸ் எல்லாத்தையும் வேற எங்கேயும் திறக்கற மாதிரி வெளியே எடுக்க முடியுமா?

நாலு: கம்பெனி சர்வரை நிறுத்திட்டா, இந்தப் பொருள் ஓடுமா... இல்ல, பேப்பர் வெயிட் ஆயிடுமா?

நாலுக்கும் பதில் ‘தெரியலையே’னு வந்தா, கேமரா எத்தனை மெகாபிக்ஸலா இருந்தா என்ன?

கடைசியா ஒரு விஷயம். நம்ம மாவட்டத்துல வானூர் பக்கம் திருச்சிற்றம்பலத்துல 31 கோடி ரூபாய்ல மினி டைடல் பார்க் 2024 பிப்ரவரி 17-ல திறந்தாங்க. சாஃப்ட்வேர் வேலைக்குச் சென்னைக்குத்தான் பஸ் ஏறணும்ங்கற கதை மெள்ள மாறுது. வாங்கற இடத்துல இருக்கற நாம, சீக்கிரமே விக்கற இடத்துல உட்காரப் போறோம். ‘யூஸர் வெளியே போகாம இருக்க என்ன பண்ணலாம்?’னு மீட்டிங்ல ஒருநாள் நம்மகிட்டயே கேப்பாங்க.

‘நல்லா இருந்தா அவரே போக மாட்டார் சார்’னு சொல்ல அன்னிக்கு தைரியம் வேணும். அதுக்கு இப்பவே பயிற்சி எடுங்க. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்ல நீங்க எழுதப்போற ஆப்ல, ‘எக்ஸ்போர்ட்’னு ஒரு குட்டி பட்டன் வைங்க. வைவாவுல எக்ஸாமினர் ‘இது எதுக்கு?’னு கேட்டா, கூலா சொல்லுங்க... ‘கூட்ரோடு சார்!’