கணினிக்கும் ஓய்வு தேவை



நான் சிறுவனாய் இருந்த காலத்தில், எங்கள் தோட்டத்து லயத்தில் மாலையில்தான் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும். இரவு பத்து மணிக்கு விளக்குகள் அணைந்துவிடும். அதற்குள் பாடங்களைப் படித்து முடிக்க வேண்டும். ஆகவே, ஆளில்லாத இடத்தில் விளக்கு எரிவதை எங்கள் பெற்றோர் பொறுத்துக்கொள்ளமாட்டார்கள்.

அவ்வாறு வளர்ந்த நானும் ஒருமுறை தவறினேன். 2008ஆம் ஆண்டில் வேறொரு தோட்டப் பள்ளியில் கணினி அறைக்குப் பொறுப்பாசிரியராய் இருந்தேன். நன்கொடையாகக் கிடைத்த பழைய கணினிகள் பத்து அங்கு இருந்தன. ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் ஒரு மணிக்கு, அவசரத்தில் அவற்றை நிறுத்தாமலே அறையைப் பூட்டிச் சென்றுவிட்டேன். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குக் கதவைத் திறந்தபோது, ஒன்பது திரைகளில் விண்மீன்கள் பாய்ந்துகொண்டிருந்தன. பத்தாவது திரை இருண்டு கிடந்தது. அக்கணினியின் மின்வழங்கி பழுதாகியிருந்தது. உடன் வந்த மாணவன் ஒருவன், “ஐயா, கணினிகள் தூங்கவே இல்லையா?” என்று கேட்டான்.

அவ்வினாவிற்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய மேசைக் கணினியின் பெட்டி, வேலை எதுவும் செய்யாமல் இருக்கும்போதும் 60 முதல் 100 வாட் வரை மின்சாரத்தை உண்ணும். 17 அங்குலக் கண்ணாடிக் குழாய்த் திரை 70 முதல் 80 வாட் வரை உண்ணும். இரண்டுக்கும் சேர்த்து 140 வாட் எனக் கொள்வோம். ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் செலவானால் அது ஒரு யூனிட் ஆகும். ஒன்பது கணினிகள் 66 மணி நேரம் ஓடியதில் ஏறத்தாழ 83 யூனிட் வீணாயிற்று. வெப்பம் பழைய உறுப்புகளின் ஆயுளைக் குறைக்கும் என்பதும் உண்மை. பத்தாவது கணினி அதனால்தான் பழுதாயிற்று என்று என்னால் உறுதி கூற இயலாது. ஆயினும், வீட்டில் கணினி இல்லாத பிள்ளைகளுக்கு ஒரு கணினி குறைந்துபோயிற்று என்பதை நான் மறக்கவில்லை.

திரையில் பாய்ந்த விண்மீன்கள் மின்சாரத்தைச் சேமிக்கவில்லையா? இல்லை. ‘ஸ்கிரீன் சேவர்’ எனப்படும் அக்காட்சி வேறொரு நோக்கத்திற்காகத் தோன்றியது. குழாய்த் திரையின் உட்புறத்தில் ஒளிரும் பூச்சு உண்டு. ஒரே படம் நெடுநேரம் நின்றால் அதன் வடு பூச்சில் பதிந்துவிடும். அதைத் தடுக்கவே அசையும் படம் காட்டப்பட்டது. படம் அசையும்போது திரையும் எரிகிறது, கணினியும் உழைக்கிறது.

உண்மையான சிக்கனத்திற்கு வேறு வழி உண்டு. 1992ஆம் ஆண்டில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் ‘எனர்ஜி ஸ்டார்’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. அதன் முத்திரையை முதலில் பெற்ற பொருள்கள் கணினிகளும் திரைகளுமே. ஆளில்லாதபோது தாமாகவே துயிலும் ஆற்றல் அவற்றிற்கு அளிக்கப்பட்டது. ஆகவே, பழைய கணினிகள் பெரும்பாலானவற்றிலும் இவ்வசதி உண்டு. நாம்தான் அதைப் பயன்படுத்துவதில்லை.

ஓய்வு நிலைகள் மூன்றாகும். முதலாவது, திரை மட்டும் அணைதல். அப்போது திரையின் சிறு விளக்கு பச்சையிலிருந்து பெரும்பாலும் செம்மஞ்சளாக மாறும். பெட்டியோ தொடர்ந்து ஓடும். இரண்டாவது, ‘ஸ்லீப்’ எனப்படும் துயில். கணினி தன் நினைவகத்தை மட்டும் விழிப்பாய் வைத்துக்கொண்டு சில வாட் மின்சாரத்தோடு காத்திருக்கும். விசையைத் தொட்டால் சில நொடிகளில் எழும். ஆனால், இடையில் மின்சாரம் தடைப்பட்டால் சேமிக்காத வேலை அழிந்துவிடும். மூன்றாவது, ‘ஹைபர்னேட்’ எனப்படும் ஆழ்துயில். வேலையை வன்தட்டில் எழுதி வைத்துவிட்டுக் கணினி உறங்கும். மின்சாரம் நின்றாலும் வேலை அழியாது. எழுவதற்குச் சற்றுக் கூடுதல் நேரம் ஆகும்.

இவற்றை அமைப்பது எளிது. விண்டோஸ் கணினியாயின், ‘கண்ட்ரோல் பேனல்’ பகுதியில் ‘பவர் ஆப்ஷன்ஸ்’ என்பதைத் திறக்க வேண்டும். திரை அணைவதற்குப் பத்து நிமிடமும், கணினி துயில்வதற்கு முப்பது நிமிடமும் குறித்துச் சேமித்தால் போதும். சில பழைய கணினிகள் துயிலிலிருந்து ஒழுங்காக எழா. அவற்றிற்குத் திரை அணையும் ஏற்பாட்டை மட்டும் வைத்துக்கொள்ளலாம். தட்டையான திரையாயின் அதன் ஒளியைச் சற்றுக் குறைப்பதும் சிக்கனமே, கண்ணுக்கும் இதமாகும்.

இதனால் விளையும் பயனைக் கணக்கிடுவோம். பத்துக் கணினிகள் நாள்தோறும் மூன்று மணி நேரம் வீணே ஓடினால் 4.2 யூனிட் செலவாகும். அந்நேரத்தில் திரையோடு சேர்த்து ஒவ்வொன்றும் 10 வாட் மட்டும் உண்டு துயின்றால் 0.3 யூனிட்தான். 190 பள்ளி நாள்கள் எனக் கொண்டால், மிச்சமாவது 741 யூனிட்! சிறுதுளி பெருவெள்ளம் அன்றோ?

மாணவர்களே, இரண்டு பிழைகளைத் தவிர்ப்பீர்களாக. திரையின் பொத்தானை மட்டும் அழுத்திவிட்டுக் கணினியை நிறுத்தியதாக எண்ணாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் கணினியைச் சுவரிலுள்ள சுவிட்சை அடைத்து நிறுத்தாதீர்கள், கோப்புகள் கெடக்கூடும். பள்ளி முடிந்ததும் முறைப்படி நிறுத்தி, அதன்பின் சுவிட்சை அடைத்து, பிளக்கையும் கழற்றிவிடுங்கள். துயிலும் கணினியும் சிறிது மின்சாரம் உண்ணும். நம் நாட்டில் அடிக்கடி இடிமின்னலும் உண்டு.

இன்று நம் பள்ளியின் கணினி அறையைப் பூட்டும் முன் ஒவ்வொரு பெட்டியின் விளக்கையும் நான் பார்த்துவிட்டே வெளியேறுகிறேன். நீங்களும் உங்கள் இல்லத்தில் அவ்வாறே செய்வீர்களாயின், அன்று அம்மாணவன் கேட்ட வினாவிற்கு நாம் அனைவரும் சேர்ந்து விடையளித்தவர்கள் ஆவோம்.