வெளிநாட்டு உணவுச் சரக்கு: வாங்குமுன் அறிய வேண்டியவை

பர்மா உளுந்து, அரபு நாட்டுப் பேரீச்சை, ஆப்கானிஸ்தான் பெருங்காயப் பால் என்று நம் கடைகளுக்கு வெளிநாட்டுச் சரக்கு வருவது புதிதல்ல. அண்மைக் காலமாகச் சிறு நகர மளிகைக் கடைகளிலும் வெளிநாட்டு சாக்லேட்டும் ஆலிவ் எண்ணெயும் இடம் பிடித்துள்ளன. எனவே இதற்கான விதிகளை இறக்குமதியாளர் மட்டுமின்றிச் சில்லறை வணிகரும் தெரிந்து கொள்வது அவசியம்.

நேரடியாக இறக்குமதி செய்ய விரும்புவோர் முதலில் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககத்தில் ஏற்றுமதி - இறக்குமதிக் குறியீட்டு எண் பெற வேண்டும். அடுத்தது, உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் மத்திய உரிமம். உள்ளூர்ச் சிறு வணிகருக்குப் பதிவுச் சான்று போதும் என்ற சலுகை உண்டு. இறக்குமதியாளருக்கு அது கிடையாது. கொண்டு வருவது ஒரு பெட்டியானாலும் மத்திய உரிமம் தேவை.

பருப்பு, தானியம், நறுமணப் பொருள், பழம் போன்ற விளைபொருள்களுக்கு 2003-ஆம் ஆண்டின் பயிர்த் தடுப்புக் காப்பு ஆணையும் பொருந்தும். சரக்கின் வகையைப் பொறுத்து, அது கப்பலேறும் முன்பே இங்கு இறக்குமதி அனுமதி பெற வேண்டியிருக்கும். அனுப்பும் நாட்டின் பயிர் நலச் சான்றும் உடன் வர வேண்டும். கால்நடைப் பொருள்களுக்குக் கால்நடைத் துறை அனுமதி தனி. சில சரக்குக்கு முழுத் தடையே உண்டு. மெலமைன் கலப்பு காரணமாக 2008-இல் சீனப் பால் பொருள்களுக்குத் தடை விதிக்கப்பட்டு, அது பலமுறை நீட்டிக்கப்பட்டது.

துறைமுகத்தில் ஆவணமும் சரக்கும் பரிசீலிக்கப்பட்டு, தேவைப்பட்டால் மாதிரி எடுக்கப்படும். மாதிரி இரண்டு பங்காகும். ஒன்று ஆய்வுக்கூடத்துக்கு, மற்றொன்று மேல்முறையீட்டுக்காக. முடிவு சாதகமானால் தடையில்லாச் சான்று கிடைக்கும். அது வரும் வரை கிடங்கு வாடகையும் தாமதக் கட்டணமும் நம் தலையில்தான். குறைந்த முதலில் இறங்குவோர் இச்செலவையும் கணக்கில் சேர்த்தே விலை பேச வேண்டும்.

காலாவதி விதியைப் பலர் தவறாகக் கொள்கின்றனர். 2017-ஆம் ஆண்டின் இறக்குமதி ஒழுங்குமுறைப்படி, சரக்கு வந்து சேரும்போது மொத்த ஆயுளில் 60 சதவீதமோ, மூன்று மாதமோ, இவற்றில் எது குறைவோ அது மீதமிருக்க வேண்டும். 12 மாத ஆயுள் கொண்ட பிஸ்கட்டுக்கு மூன்று மாதம் மீதமிருந்தால் போதும். 120 நாள் சரக்குக்கு 72 நாள் இருக்க வேண்டும்.

இறக்குமதியாளரின் பெயர், முகவரி, உரிம எண், சைவ - அசைவக் குறி ஆகியவை லேபிளில் விடுபட்டிருந்தால், சுங்கக் கிடங்கிலேயே பிரிக்க முடியாத ஸ்டிக்கர் ஒட்டிச் சரிசெய்ய இடமுண்டு. தயாரித்த தேதி, காலாவதி தேதி போன்றவற்றை அவ்வாறு ஒட்டிச் சரிக்கட்ட முடியாது.

சில்லறை வணிகர் கவனிக்க வேண்டியது இதுதான். இறக்குமதியாளர் பெயரில்லாத வெளிநாட்டுப் பொட்டலம் விலை மலிவாகக் கிடைக்கலாம். பயணிகளின் பெட்டி வழியாக வந்த சரக்கும் அப்படித்தான் கைமாறுகிறது. 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, காலாவதியான சரக்கையும், லேபிள் விதிக்கு மாறான சரக்கையும், யாரிடம் வாங்கியது என்று காட்ட முடியாத சரக்கையும் விற்பவரையே பொறுப்பாளியாக்குகிறது. லேபிள் குற்றத்துக்கு மட்டுமே மூன்று லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. நூறு ரூபாய் லாபத்துக்கு இது தகுமா?

அதே சட்டம் நமக்கு ஒரு பாதுகாப்பும் தருகிறது. மொத்த வியாபாரி தரும் பில்லே சரக்கின் தரத்துக்கான உத்தரவாதமாகக் கருதப்படும் என்கிறது 26-ஆவது பிரிவு. ஆகவே பில் இல்லாமல் சரக்கு எடுக்க வேண்டாம். பில்லில் விற்றவரின் உரிம எண், சரக்கின் பெயர், லாட் எண் இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்தப் பில்லைச் சரக்கு தீர்ந்த பிறகும் கோப்பில் வையுங்கள். அதிகாரி கடை வாசலில் நிற்கும்போது நமக்குக் கைகொடுப்பது அந்தத் தாள்தான்.