கட்டியங்காரனின் வாரிசு

பொதட்டூர்பேட்டையில் பகலெல்லாம் தறியின் சத்தம். ஆனால் சுற்றுவட்டக் கிராமமொன்றில் திரௌபதி அம்மனுக்குக் காப்புக் கட்டிப் பாரதம் தொடங்கிவிட்டால், இரவின் சத்தம் வேறாகிவிடும். மத்தளமும் முகவீணையும் ஒலிக்க, கிரீடமும் புஜக்கட்டையும் தரித்த வேஷக்காரர்கள் விடிய விடிய ஆட, தருமனும் துரியோதனனும் தத்தம் நியாயங்களைப் பாட்டாகவே பாடித் தீர்க்க, அவர்களுக்கு நடுவே கிரீடத்தின் பாரமும் விருத்தத்தின் கட்டும் இல்லாமல், நம்மைப் போலவே பேசிக்கொண்டு நிற்பவன் ஒருவன் உண்டு, அவனே கட்டியங்காரன். ராஜாவையும் பரிகாசம் செய்வான், வட்டிக்காரனையும் பரிகாசம் செய்வான். புராணத்துக்கும் அன்றைய நூல் விலைக்கும் ஒரே மூச்சில் முடிச்சுப் போடுவான். சபை சிரித்துவிட்டு மறந்துவிடும். ஏனெனில் அவன் ஓரத்தில் நிற்பவன். அந்த ஓரத்துக்காரனின் வசனத்தை அரங்கின் மத்தியில் நிறுத்தி, அவனையே கதாநாயகனாக்கியவர் காஞ்சிபுரத்து சி. என். அண்ணாதுரை என்பது என் அபிப்பிராயம்.

முதலமைச்சர் அண்ணாவை அறியாதவர் இல்லை. நாடகாசிரியர் அண்ணாவை அறிந்தவர் தொகையோ நாளுக்கு நாள் குறைந்துவருகிறது. 1909 செப்டம்பர் 15 அன்று நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, நகராட்சியில் சில காலம் குமாஸ்தாவாக இருந்து, சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பொருளாதாரம் பயின்று, 1942-ல் 'திராவிட நாடு' வார இதழைத் தொடங்கிய அவர், பத்திரிகை வாசிக்கத் தெரியாதவனையும் நாடகம் தேடிச்சென்று சேரும் என்பதைக் கண்டுகொண்டு பேனாவை அந்தப் பக்கம் திருப்பினார். 'சந்திரோதயம்' முதலிய நாடகங்களை எழுதியதோடு நில்லாமல் தாமே அரிதாரமும் பூசினார். 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' நாடகத்தில் காகபட்டராக அவரே நடித்தார். அதில் சிவாஜியாகத் தோன்றிய வி. சி. கணேசன் என்ற இளைஞரைப் பெரியார் 'சிவாஜி' என்று அழைக்க, அப்பெயர் அவருக்கு ஆயுள் முழுவதும் நிலைத்துவிட்டது பிரசித்தம்.

அவர் எழுத வந்த காலத்து அரங்கை நினைத்துப் பார்த்தால்தான் அவர் செய்ததன் விசேஷம் விளங்கும். கூத்திலிருந்து கம்பெனி நாடகத்துக்கும், கம்பெனி நாடகத்திலிருந்து பேசும் படத்துக்கும் பாட்டே ராஜாவாக வந்து சேர்ந்திருந்தது. 1931-ல் வெளிவந்த 'காளிதாஸ்' படம் பாட்டுகளின் ஊர்வலமாகவே இருந்தது. உரைநடையில் நாடகம் எழுதும் வழியை, 1891-ல் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் முன்பே திறந்துவிட்டிருந்தார். திரையில் வசனத்துக்கு ஒரு மிடுக்கு உண்டு என்பதை இளங்கோவன் 1942-ல் 'கண்ணகி' மூலம் காட்டிவிட்டார். ஆகவே வசனம் அண்ணாவின் கண்டுபிடிப்பன்று. கதையை நடத்திச் செல்லும் சம்பாஷணையாக இருந்த வசனத்தை, கதையையே விசாரணைக்கு நிறுத்தும் வாதமாக ஆக்கியதுதான் அவருடைய காரியம்.

'வேலைக்காரி'யை எடுத்துக்கொள்வோம். கடன் கொடுத்த வேதாசலத்தின் கொடுமை தாளாமல் தந்தை தூக்கிலிட்டு மாள, பழிவாங்கத் துடிக்கும் ஆனந்தன், காளியிடம் சென்று முறையிட்டுப் பலனின்றி, கடைசியில் தேவியோடே வழக்காடுகிறான். பக்திக் கதைகளில் அழுது பாட வேண்டிய இடம் அது. இங்கே கேள்விகள் பிறக்கின்றன. வெட்டுக்கத்தியைக் காட்டிலும் விவேகமே கூரிய ஆயுதம் என்று நண்பன் மணி புத்தி சொல்ல, ஆனந்தன் வேறொருவன் பெயரில் அதே வேதாசலத்தின் வீட்டு மாப்பிள்ளையாக நுழைகிறான். வேதாசலத்தின் மகன் மூர்த்தியோ, வீட்டு வேலைக்காரி அமிர்தத்தின்மேல் காதல் கொள்கிறான். ஜாதியும் பணமும் மதவேஷமும் ஒரே குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட, முடிவில் நிஜமான நீதிமன்றக் காட்சியே வந்துவிடுகிறது. கே. ஆர். ராமசாமியின் கிருஷ்ணன் நாடக சபா மேடையேற்றிய இந்நாடகத்தை, ஜூபிடர் நிறுவனத்தார் ஏ. எஸ். ஏ. சாமியின் டைரக்ஷனில் 1949-ல் படமாக்கினர், பின்னாளில் மு. கருணாநிதியின் 'பராசக்தி' (1952) முதற்கொண்டு தமிழ்ப்படத்துக்கு நீதிமன்றக் காட்சியின்மேல் உண்டான மோகத்துக்கு இப்படம் ஒரு முக்கிய காரணம்.

'ஓர் இரவு' இதைவிட நுட்பமானது. கூத்துக்காரர்கள் ஒரே இரவில் ஒரு யுகத்தின் கதையை ஆடிவிடுவார்கள் அல்லவா? அண்ணாவோ ஒரே இரவுக்குள் ஒரு குடும்பத்தின் கௌரவத்தைக் கலைத்துப் போட்டார். செல்வந்தர் வீட்டில் திருட வந்தவன், அந்தச் செல்வந்தரே முன்பு கைவிட்ட பெண்ணுக்குப் பிறந்த பிள்ளை. யார் திருடன் என்ற ஒரே கேள்வி, மணி நகர நகர, ஆளுக்கு ஆள் இடம் மாறுகிறது. நாடகத்தைக் கண்ட கல்கி, ஷாவையும் இப்சனையும் நினைத்துக்கொண்டு அதைப் பாராட்டினார்; அரசியலில் எதிர்ப்பக்கம் நின்ற ஒருவருடைய பாராட்டு என்பதால் அதற்கு மதிப்பு அதிகம். 1951-ல் ஏவி. எம். நிறுவனத்துக்காக இதன் திரைவசனத்தை அண்ணா ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று சினிமா உலகில் சொல்லி வருகிறார்கள். படத்தை டைரக்ட் செய்த ப. நீலகண்டனும் நாடகாசிரியரே.

என். எஸ். கிருஷ்ணனுக்காக எழுதிய 'நல்லதம்பி' (1949), ஃபிராங்க் காப்ராவின் ஹாலிவுட் படமொன்றைத் தழுவியது. திடீரென்று பெருஞ்செல்வம் வந்து சேர்ந்த கிராமத்தானின் கதையில், மதுவிலக்குப் பிரசாரத்தையும் கிந்தனார் காலட்சேபத்தையும் நுழைத்து நம்மூர்ச் சரக்காக்கிவிட்டார்கள். 'சொர்க்கவாசல்' 1954-லும், அவருடைய நாவலான 'ரங்கோன் ராதா' 1956-லும் திரைக்கு வந்தன.

குறைகளும் உண்டு. ஆள்மாறாட்டமும் தற்செயலான சந்திப்பும் இல்லாவிட்டால் அவருடைய கதைகள் நகருவது கஷ்டம். எதுகை மோனையின்மேல் அவருக்கிருந்த பிரியத்தால், வேலைக்காரனும் வக்கீலும் திருடனும் சில சமயங்களில் ஒரே குரலில், அதாவது மேடைப்பேச்சாளர் அண்ணாவின் குரலில், பேசத் தொடங்கிவிடுகிறார்கள். கதாபாத்திரங்களின் தனித்தன்மையைத் தேடுகிற ரசிகனுக்கு இது ஏமாற்றமே. ஆனால் கட்டியங்காரனிடம் யாரும் தனித்தன்மையைத் தேடுவதில்லை; கேட்க அஞ்சுகிற கேள்வியை நமக்காக அவன் கேட்கிறானா என்றுதான் பார்க்கிறோம். அந்தக் கடமையில் அண்ணாவின் பாத்திரங்கள் தவறவில்லை.

நெசவாளர் ஊர்க்காரனாகிய எனக்கு இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 1953-ல் கைத்தறித் துணி தேங்கி நெசவாளர் பசியில் வாடியபோது, அண்ணா திருச்சியில் துணி மூட்டையைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றார். வசனத்தில் ஏழைக்காக வாதாடியவர், வீதியில் இறங்கியும் அந்த வேஷத்தைக் கலைக்கவில்லை.

அவருடைய நாடகங்கள் புத்தகங்களாகக் கிடைக்கின்றன. பெரும்பாலும் ஒரு கூடமும் ஒரு மேஜையும் இரண்டு நாற்காலிகளும் போதும். காட்சி ஜோடனை அதிகம் வேண்டாம். அடுத்த ஆண்டு பாரதம் முடிந்து, படுகளமும் தீமிதியும் ஆனபின், பந்தலைப் பிரிப்பதற்கு முன் ஒரே ஒரு இரவு, எங்கள் பக்கத்து இளைஞர்கள் 'ஓர் இரவை' அதே இடத்தில் நடித்துப் பார்க்கட்டும். கட்டியங்காரன் நின்ற ஓரத்திலிருந்து நாலு அடி நடந்தால் அரங்கின் நடுவுக்கு வந்துவிடலாம்.