மழைக்காலத் திடலும் மாணாக்கரின் உடல் வெப்பமும்

உயர்நிலைப் பள்ளிகளில் தேகப்பயிற்சிக்கும் வெளிப்புற விளையாட்டுக்கும் நேரம் வகுக்கும்போது வெப்பமானி காட்டும் எண்ணை மட்டுமே வழிகாட்டியாகக் கொள்வது வழக்கமாயிருக்கிறது. மே மாதத்தில் 44 டிகிரி வெயிலைக் கண்டு அஞ்சித் திடலை மூடுகிறோம். ஜூலையில் மழை தொடங்கி வெப்பநிலை 35 டிகிரிக்கு இறங்கியதும் ஆறுதலுற்று மாணாக்கரை ஓடவிடுகிறோம். வட இந்தியச் சமவெளியில் கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறப்பதும், ஆகஸ்ட் 15 அணிவகுப்புக்கு ஒத்திகை நடைபெறுவதும் இப்பருவத்தில்தான். நம்முடைய ஆறுதல் எவ்வளவு தூரம் நியாயமானது என்பதை இங்கு ஆராய்வோம்.

தசைகள் செலவிடும் சக்தியில் ஏறக்குறையக் கால் பங்கே வேலையாக மாறுகிறது, எஞ்சியதெல்லாம் வெப்பமே. 45 கிலோகிராம் எடையுள்ள மாணவன் ஒருவன் மும்முரமாக ஓடியாடுகையில் மணிக்குச் சுமார் 300 கிலோகலோரி வெப்பம் அவன் உடலில் உண்டாகிறது எனக் கொள்வோம். அவ்வெப்பம் வெளியேற வழியில்லாவிடில் பத்து நிமிடங்களுக்குள்ளாகவே அவனுடைய உடல் வெப்பநிலை ஒரு டிகிரி உயர்ந்துவிடும். சுற்றியுள்ள காற்றும் தோலைப்போல் 35 டிகிரி வெப்பமாயிருக்குமானால், காற்று வெப்பத்தை வாங்கிக்கொள்ளாது. அப்போது உடலுக்குள்ள ஒரே துணை வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தைக் கொண்டு செல்கிறது. ஆனால் ஆவியானால்தான் இப்பயன் உண்டு. சொட்டி நிலத்தில் விழும் வியர்வையால் உடல் குளிர்வதில்லை, நீர்தான் குறைகிறது. காற்றில் ஈரம் மிகுந்த ஜூலை மாதத்தில் நிகழ்வது பெரும்பாலும் இதுவே.

ஈரத்தின் அளவை அறியச் சாதாரண வெப்பமானியின் குமிழில் நனைந்த மஸ்லின் துணியைச் சுற்றிக் காற்றோட்டத்தில் வைத்தால் போதும். மே மாதத்தில் காற்று 44 டிகிரியும் ஒப்பு ஈரப்பதம் 15 சதவீதமும் இருந்தால் இந்த ஈரக்குமிழ் சுமார் 23 டிகிரி காட்டும். ஜூலையில் 35 டிகிரியும் 70 சதவீதமும் இருந்தால் அது 30 டிகிரி காட்டும். 1950-களில் அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்துப் பாரிஸ் தீவில், மரீன் படைப் பயிற்சியாளர் பலர் வெப்பத்தால் வீழ்ந்ததையொட்டி, ஒரு கூட்டு அளவு வகுக்கப்பட்டது. திறந்த வெளியிலுள்ள ஈரக்குமிழ் அளவில் பத்தில் ஏழு பங்கும், வெயிலில் வைத்த கறுப்புக் கோளத்தினுள் காணும் வெப்பநிலையில் இரண்டு பங்கும், நிழல் வெப்பநிலையில் ஒரு பங்கும் சேர்ந்தது அது. கறுப்புக் கோளம் மே நண்பகலில் 56 டிகிரியும் ஜூலையில் 45 டிகிரியும் காட்டுவதாக வைத்துக் கணக்கிட்டால், முன்னதற்கு 31.7, பின்னதற்கு 33.5 எனக் கிடைக்கிறது. 32-ஐத் தாண்டினால் கடினப் பயிற்சியை நிறுத்துவது அப்படையில் பின்பற்றப்படும் விதி. மே நண்பகல் பத்திரமானதென்று இதற்குப் பொருளல்ல. நாம் அஞ்சாத ஜூலை அதனினும் கொடியதாகக்கூடும் என்பதே கருத்து. விஞ்ஞான ஆசிரியரும் தேகப்பயிற்சி ஆசிரியரும் கூடி இக்கருவிகளைப் பள்ளியிலேயே செய்து கொள்ளலாம். மாணாக்கருக்கு இது நல்லதொரு செய்முறைப் பாடமுமாகும்.

விடுமுறையில் வீட்டு நிழலில் இருந்துவிட்டு வந்த மாணவனின் உடல் வெப்பத்தில் உழைக்கும் பழக்கத்தை இழந்திருக்கும். அது திரும்பப் பத்து முதல் பதினான்கு நாட்கள் வேண்டும். இந்நாட்களில் வியர்வை முன்னதாகவே சுரக்கத் தொடங்குகிறது, அதில் உப்பின் அளவு குறைகிறது, இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுகிறது, இதயத் துடிப்பு தணிகிறது. ஆகவே முதல் வாரத்தில் காலை வேளையில் அரைமணி நேர இலகுவான ஆட்டமே போதும். இரண்டாம் வாரத்தில் சிறிது சிறிதாக உயர்த்தலாம். இருபது நிமிடத்திற்கொருமுறை நிழலில் ஓய்வும் ஒரு குவளை நீரும் அவசியம். காய்ச்சலிலிருந்தோ வயிற்றுப்போக்கிலிருந்தோ எழுந்துவந்த மாணவனை அன்று ஓடவிடலாகாது. மழைக்காலத்தில் இத்தகையோர் எல்லா வகுப்பிலும் இருப்பர். தாமதமாக வந்தவனைத் திடலை ஐந்து முறை சுற்றி ஓடச் சொல்லும் வழக்கத்தை அடியோடு விட்டுவிட வேண்டும் என்பது எனது கருத்து. ஆட்டத்தில் களைத்தவன் தானே நின்றுவிடுவான்; தண்டனையில் ஓடுபவன் நிற்கத் துணியமாட்டான்.

அணிவகுப்பில் நெடுநேரம் அசையாமல் நிற்பவன் மயங்கி விழுவது வேறொரு காரணத்தால். கால்களில் இரத்தம் தங்கி மூளைக்குச் செல்வது குறைகிறது. நிழலில் படுக்கவைத்துக் கால்களை உயர்த்தினால் சில நிமிடங்களில் தெளிவான்.

அவ்வாறு தெளியாமல், பிதற்றினாலோ, தள்ளாடினாலோ, உடல் தீயாகச் சுட்டாலோ அது வெப்ப அதிர்ச்சி. உள்ளுடல் வெப்பநிலை 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். தோல் உலர்ந்திருந்தால்தான் இந்நோய் என்று பல பழைய கையேடுகள் கூறுவது ஆபத்தான தவறு. ஓடி வீழ்ந்தவன் வியர்வையில் நனைந்தே இருக்கக்கூடும். ஊர்திக்காகக் காத்திருக்கலாகாது. ஆடையைத் தளர்த்தி, தலை நீருக்கு மேலிருக்குமாறு பிடித்துக்கொண்டு, குளிர்ந்த நீர்த் தொட்டியில் கழுத்து வரை அமர்த்துக; தொட்டியில்லையேல் உடல் முழுவதும் விடாது நீர் ஊற்றி விசிறுக. அரைமணிக்குள் வெப்பம் தணிந்தால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். நினைவு தடுமாறியவன் வாயில் நீர் புகட்டலாகாது. தணித்துக்கொண்டிருக்கும்போதே ஆள் அனுப்பி மருத்துவ உதவியை வரவழைக்க வேண்டும். தொட்டியும் நீரும் ஒத்திகை தொடங்குமுன்பே திடலோரத்தில் நிழலில் ஆயத்தமாயிருத்தல் வேண்டும்.