உரித்த பட்டாணிக்குத் தேதி உண்டா?

பட்டாணி சீசன் வந்தால் மார்க்கெட் வாசலில் உரித்த பச்சைப் பட்டாணியைப் பாலிதீன் கவரில் கட்டி, வெயிலிலேயே குவித்திருப்பார்கள். உரிக்கிற வேலை மிச்சமென்று நாமும் வாங்கிவிடுகிறோம். பறித்தது எப்போது, உரித்தது எப்போது என்பதற்கு அந்தக் கவரில் ஒரு வரி இருக்காது.

செடியிலிருந்து பறித்த பின்னும் பட்டாணியும் பீன்ஸும் மொச்சையும் சுவாசித்துக்கொண்டுதான் இருக்கும். சூடு கூடினால் அந்த வேகமும் கூடும். பட்டாணியின் இனிப்பு குறைந்து மாவுத்தன்மை ஏறும். முதலில் அடிவாங்குவது வைட்டமின் சி. ஃபோலேட்டும் மெல்லக் குறையும். புரதம், நார்ச்சத்து, இரும்புச்சத்து அவ்வளவாகப் போகாது. எனவே பழைய காயில் சத்தே கிடையாது என்று குப்பையில் கொட்டுவதும் தப்பு.

ஃப்ரிட்ஜில் வைத்தால் எல்லாம் பத்திரம் என்கிற நம்பிக்கைதான் நம்மை ஏமாற்றுகிறது. 4 டிகிரி செல்சியஸில் 7 நாள் வைத்த பீன்ஸில் வைட்டமின் சி ஏறத்தாழ முக்கால் பங்கு போய்விட்டது. அதே குளிரில், அதே 7 நாளில் பட்டாணி இழந்தது சுமார் 15 சதவீதம்தான். இது கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007இல் தொகுத்த கணக்கு. ஆகவே பீன்ஸை முதலில் சமைத்துவிடுங்கள். 5 டிகிரிக்குக் கீழே பல நாள் கிடந்தால் அதில் துரு நிறத்தில் புள்ளி விழும். அதை ஃப்ரீசருக்குப் பக்கத்தில் வைக்காமல் கீழே காய்கறித் தட்டில் வையுங்கள். பட்டாணிக்கோ, உறையாத வரை, எவ்வளவு குளிரானாலும் நல்லது. தோலோடு வைத்துச் சமைக்கும்போது உரித்தால் போதும்.

ஃப்ரோசன் பட்டாணி என்றாலே முகம் சுளிப்பவர்கள் உண்டு. வெந்நீரில் முக்கியெடுக்கும்போது அது கொஞ்சம் வைட்டமினை இழப்பது உண்மை. பிறகு மைனஸ் 18 டிகிரியில் மாதக்கணக்கில் மீதி மெதுவாகத்தான் குறையும். வெயிலில் வாடிய உரித்த பட்டாணியைவிட இதுவே மேல் என்பேன். பாக்கெட்டைக் குலுக்கிப் பாருங்கள். மணிமணியாக உருளாமல் ஒரே கட்டியாக இருந்தால் நடுவில் ஒருமுறை உருகி, மறுபடி உறைந்திருக்கிறது. தயாரிப்புத் தேதி, எத்தனை டிகிரியில் வைக்க வேண்டும் என்ற குறிப்பு, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் மூன்றும் அச்சிட்டிருக்க வேண்டும்.

வைட்டமின் குறைந்ததற்காக யார்மீதும் புகார் கொடுக்க முடியாது. சாயம் பூசியிருந்தால் தாராளமாகக் கொடுக்கலாம். காய்ந்த பட்டாணியை ஊறவைத்து, மாலகைட் கிரீன் போன்ற சாயம் ஏற்றிப் பச்சைப் பட்டாணியாக விற்பவர்கள் இருக்கிறார்கள். கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் போட்டுத் தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் விடுங்கள். தண்ணீர் பச்சையானால் சந்தேகமே வேண்டாம், சமைக்காதீர்கள். மிச்சத்தையும் பில்லையும் பத்திரப்படுத்தி, மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் உண்டு.

பலருக்குத் தெரியாத இன்னொரு வழி, 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவு. வாங்குபவரே கட்டணம் கட்டி, உணவுப் பகுப்பாய்வாளரிடம் பொருளைச் சோதிக்கக் கொடுக்கலாம். கலப்படம் உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் சோதனைக்குக் கொடுக்கப் போகிறேன் என்பதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லியிருக்க வேண்டும்.