கொரியா நாட்டு மருமகளும் நம் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டும்

“உங்க கும்மிடிப்பூண்டியில பொம்பளைங்க எல்லாம் கொரியன் சீரியல்தான் பாக்கறாங்களாமே!” என்று சென்னையிலிருந்து வரும் உறவுக்காரர்கள் சிரித்துக்கொண்டே கேட்கிறார்கள். எல்லாரும் என்று சொல்ல முடியாது. என் மாமியாருக்கு இன்னும் நம் ஊர் சீரியல்தான் வேதவாக்கு. ஆனால் சிப்காட்டுக்கு வேலைக்குப் போகும் பெண்கள் கம்பெனி பஸ்ஸில் காதில் வயரைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்களில் பாதிப்பேர் செல்போனில் ஓடுவது கொரியாக்காரன் கதைதான். மத்தியானம் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் விட்டு வருகிறவர்களுக்குச் சாப்பாடு போட்டு முடித்த பிறகு, எங்கள் தெருப் பெண்கள் நாலைந்து பேர் ஒரு வீட்டுத் திண்ணையில் கூடுவோம். பால் சொம்பில் போனைச் சாய்த்து வைத்து, முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே பார்ப்பது. கீழே ஓடும் எழுத்தைப் படிக்கத் தெரியாத ஆயாவுக்கு, படித்த பெண் ஒருத்தி வாய்விட்டுப் படித்துச் சொல்வாள். தமிழ்க் குரல் இருந்தால் அந்தக் கஷ்டமும் இல்லை.

இது நேற்று வந்த பழக்கம் அல்ல. 1999-ல் ‘சித்தி’யும், 2002-ல் ‘மெட்டி ஒலி’யும் வந்தபோது நாம் அடுப்பை அணைத்துவிட்டு ஓடியது நினைவிருக்கிறதா? அவை ஆண்டுக்கணக்கில் ஓடின. 2014 வாக்கில் ‘புதுயுகம்’ தொலைக்காட்சியில் கொரிய நாடகங்களைத் தமிழ் பேச வைத்துப் போட்டார்கள். அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பெண்கள்தான் இன்று வேலைக்குப் போகிறார்கள், மாப்பிள்ளை பார்க்கப்படுகிறார்கள், கைக்குழந்தையோடு இருக்கிறார்கள். அதற்கும் முன்னால் நமக்குக் கொரியா என்றால் கார்தான். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் தொழிற்சாலை கார் தயாரிக்க ஆரம்பித்ததிலிருந்து, கொரியாக்காரர் என்றால் ஆபீசர் என்றுதான் இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு எண்ணம். அந்த ஆபீசரின் வீட்டிலும் ஒரு மாமியார் இருப்பாள், அவள் ஊறுகாய் ஜாடியை வைத்துக்கொண்டு மருமகளை மிரட்டுவாள் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது.

முதலில் வந்த சண்டை ‘பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்’ நாடகத்தால் வந்தது. 2009-ல் கொரியாவில் ஒளிபரப்பான கதை அது. சலவைக் கடைக்காரர் மகள், பெரிய கோடீசுவர வீட்டுப் பையன், அவனைப் பெற்ற மகராசி கண்ணாலேயே எரித்துவிடும் ஒரு தாய். நம் எம்.ஜி.ஆர். காலத்துக் கதைதான், ஆணையும் பெண்ணையும் இடம் மாற்றி வைத்துவிட்டால்! அந்தப் பையன் கோபம் வந்தால் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போவான். சின்னப் பெண்கள் “ஐயோ, எவ்ளோ ஆசை பாருங்க பெரியம்மா!” என்பார்கள். ஆயாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். “இன்னாடி ஆசை? மாட்டைப் புடிச்சி இழுக்கற மாதிரி இழுக்கறான். எங்க ஊட்டுக்காரரும் இப்படித்தான் இழுத்தாரு. யாரும் பாட்டு போடல” என்றார். திண்ணையே ஒரு நிமிடம் கப்சிப் ஆகிவிட்டது.

எனக்கு ஆயா சொன்னதுதான் சரி என்று படுகிறது. பணமும் அழகும் இருந்தால் முரட்டுத்தனம்கூட அன்பு மாதிரி தெரிகிறது. அதே காரியத்தை நம் தெருமுனையில் நிற்கும் பையன் செய்தால் போலீசுக்குப் போவோம். அண்மையில் வருகிற நாடகங்களில் இந்தக் கையைப் பிடித்து இழுக்கும் காட்சி குறைந்திருக்கிறது. கேட்டுவிட்டுத் தொடுகிறான், காலணிக் கயிறு அவிழ்ந்தால் குனிந்து கட்டிவிடுகிறான், குடையைப் பெண் பக்கம் சாய்த்துவிட்டுத் தான் நனைகிறான். இதைப் பார்த்துத்தான் நம் பெண்கள் பெருமூச்சு விடுகிறார்கள் என்று ஆண்கள் கேலி செய்கிறார்கள்.

ஆனால் எங்கள் திண்ணையில் நான் கவனித்த வரையில், பெண்கள் கண்ணீர் விட்ட இடம் காதல் காட்சி இல்லை. சாப்பாட்டுக் காட்சி.

‘ரிப்ளை 1988’ என்று ஒரு தொடர். 2015-ல் ஆரம்பித்தது. சியோல் நகரத்தில் ஒரு சந்து, அதில் ஐந்து குடும்பங்கள். ஒரு வீட்டில் குழம்பு வைத்தால் கிண்ணம் ஐந்து வீட்டுக்கும் போய், வேறு பண்டத்தோடு திரும்பி வரும். நம் லைன் வீடுகளில் நடப்பதுதான். அதில் தொக்சன் என்று நடுப்பெண். அக்காவுக்குப் பிறந்த நாள் வந்தால் அதே கேக்கில் இவளுக்கும் சேர்த்து மெழுகுவர்த்தி. முட்டை பொரித்தால் அக்காவுக்கும் தம்பிக்கும். கோழிக்கால் என்றாலும் அவர்களுக்குத்தான், இவளுக்கு இறக்கை. ஒரு நாள் அந்தப் பெண் வெடித்துவிடுகிறாள், எனக்கும் முட்டை பிடிக்கும் என்று. பிற்பாடு அவள் அப்பா சின்னதாக ஒரு கேக் வாங்கி வந்து, எனக்கும் அப்பாவாக இருப்பது இதுதான் முதல் தடவை, தெரியாமல் செய்துவிட்டேன் என்கிற அர்த்தத்தில் பேசுகிறார். எதிர் வீட்டு அண்ணி கீரையைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். மூன்று பெண்களில் அவர் நடுப்பெண். நாற்பத்தெட்டு வயதில், ஒரு முட்டைக்காக!

போன வருஷம், அதாவது 2025-ல் வந்த ‘வென் லைஃப் கிவ்ஸ் யூ டேன்ஜரின்ஸ்’ இன்னும் ஆழமாகக் கிளறிவிட்டது. ஜேஜு என்ற தீவில் நடக்கும் கதை. அங்கே பெண்கள் மூச்சை அடக்கிக் கடலுக்குள் மூழ்கிச் சங்கு, சிப்பி, கடல்பாசி எடுப்பது பரம்பரைத் தொழில். 2016-ல் யுனெஸ்கோ அந்தக் கலையைப் பண்பாட்டுச் சொத்தாக ஏற்றது. நாயகியின் தாய் அப்படி மூழ்கி மூழ்கியே இருபத்தொன்பது வயதில் போய்ச் சேர்ந்துவிடுகிறாள். பார்த்துக்கொண்டிருந்தபோது என் நாத்தனாருக்குப் பழவேற்காடு நினைவு வந்துவிட்டது. நம் மாவட்டத்து ஏரிதானே அது! அங்கே இருளர் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் மணிக்கணக்காகக் குனிந்து, கையாலேயே சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிறார்கள். நாம் கூறு கட்டி வாங்கும் இறாலுக்குப் பின்னாலும் ஒருத்தி இடுப்பு ஒடிகிறது என்று அவர் சொன்ன பிறகு யாருக்கும் பேச்சு வரவில்லை.

அந்தக் கதையில் ஒரு காட்சி. மாமியார் வீட்டில் ஆண்களுக்குத் தனி மேஜை, பெண்களுக்குத் தனி மேஜை. மருமகளுக்கும் அவள் பெண் குழந்தைக்கும் மீந்ததுதான். கணவன் பெரிதாகச் சண்டை போடவில்லை, வசனம் பேசவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே அப்படியே திரும்பி, ஆண்கள் பக்கம் முதுகைக் காட்டி, மனைவியோடு சாப்பிட ஆரம்பிக்கிறான். அவ்வளவுதான். இந்த ஒரு காட்சியை எங்கள் தெருவில் நாலு தடவை திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தார்கள். “திரும்பி உக்கார எவ்ளோ செலவாகும்க்கா?” என்று கேட்டாள் ஒரு சின்ன மருமகள். நல்ல கேள்வி.

இளம் தாய்மார்களுக்கு இந்த நாடகங்களில் பிடித்த இன்னொன்று, அங்கேயும் பிரசவித்தவளுக்குப் பத்தியம் உண்டு என்பது. நாம் பூண்டுக் குழம்பும் பிரசவ லேகியமும் கொடுப்பதுபோல, அவர்கள் கடல்பாசி சூப் கொடுக்கிறார்கள். பிறகு ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் அந்தப் பிள்ளை அதே சூப்பைக் குடிக்க வேண்டும். பெற்றவள் பட்ட பாட்டை நினைத்துக்கொள்ளத்தானாம். என்ன அருமையான வழக்கம்! நம் வீட்டில் பிறந்த நாளன்று பெற்றவளை நினைக்கிறவர் யார்? கேக் வெட்டி அவள் வாயில் அப்புவதோடு சரி. (கடல்பாசியில் அயோடின் அதிகம். நாடகத்தில் பார்த்தேன் என்று பால் கொடுக்கும் தாய்மார்கள் தினமும் வாங்கிக் குடிக்க வேண்டாம். தைராய்டு தொந்தரவு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.)

பால் கொடுக்கும் தாய்மாரைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு தொடர் பதினாறு பாகம், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. நடுராத்திரி குழந்தைக்குப் பால் கொடுக்கும்போது ஒரு பாகம் என்று ஆரம்பித்து விடியற்காலை வரை ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். குழந்தை தூங்கும்போது தாயும் தூங்கியே ஆக வேண்டும். கதை எங்கும் ஓடிவிடாது. நைட் ஷிஃப்ட் முடித்து வந்து பகலில் தூங்காமல் நாடகம் பார்க்கும் பெண்களுக்கும் இதேதான். மெஷின் முன்னால் கண் சொக்கினால் விரல் போய்விடும்.

இன்னொரு விஷயம். திரையில் வரும் அந்தத் தங்கமான ஆண்கள் அந்த ஊரிலேயே தட்டுப்பாடு போலிருக்கிறது! தென் கொரியாவில் 2023 கணக்குப்படி ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 0.72 குழந்தைதான். உலகத்திலேயே மிகக் குறைவான கணக்குகளில் அதுவும் ஒன்று. வீட்டு விலை, பிள்ளைகளின் டியூஷன் செலவு, ஆபீஸ் வேலையோடு வீட்டு வேலையும் ஒருத்தி தலையிலேயே விழுவது என்று பல காரணம் சொல்கிறார்கள். குடும்பத்துக்குத் தலைவர் ஆண்தான் என்று பதிவு செய்யும் சட்டமே அங்கே 2008-ல்தான் ஒழிந்தது. அறுவடைப் பண்டிகைக்கு மருமகள்கள்தான் மாமனார் வீட்டு முன்னோருக்குப் படையல் சமைக்க வேண்டும், நாள் முழுக்க அடுப்படியில் நின்று. அப்படி இருக்கிற ஊரில்தான், திரும்பி உட்காரும் கணவனைக் கதையில் எழுதுகிறார்கள். ஆகவே பெண்களே, கொரியாவில் மாப்பிள்ளை தேட வேண்டாம். அங்கேயும் நம்மைப் போல ஏங்குகிறவர்கள்தான் இருக்கிறார்கள்.

இதெல்லாம் பொழுதுபோக்கு என்றுதான் நானும் சொல்லியிருப்பேன், சென்ற தை மாதம் எங்கள் உறவில் ஒரு பெண் பார்க்கும் வைபவம் நடக்காமல் இருந்திருந்தால். பெண் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை செய்கிறாள். பையனுக்குத் திருவள்ளூர், நல்ல சம்பளம், கெட்ட பழக்கம் கிடையாது. பஜ்ஜி, சொஜ்ஜி எல்லாம் முடிந்து, இரண்டு பேரையும் தனியாகப் பேச விட்டார்கள். வேலையை விடச் சொல்வீர்களா, சம்பளத்தை யாரிடம் கொடுப்பது என்று கேட்பாள் என நாங்கள் எதிர்பார்த்தோம். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதானாம். “உங்க வீட்டுல அம்மா எப்போ சாப்பிடுவாங்க?”

பையன் முழித்திருக்கிறான். “எங்களுக்கெல்லாம் போட்டுட்டு... அப்புறம் சாப்பிடுவாங்க. எப்போன்னு நான் கவனிச்சதில்லையே” என்றானாம்.

விஷயம் வெளியே வந்ததும் பெண்ணின் அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். “எல்லாம் இந்தப் போனால வந்த வினை. இப்படிக் கேட்டா எவன் கட்டுவான்?” என்று அவள் அம்மாவைத் திட்டினார். தாயோ பதில் பேசாமல் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மணி மூன்றரை, அவள் இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை. நான்தான் சோறு போட்டு வைத்துக் கூப்பிட்டேன். “என் பொண்ணு கேட்டுட்டாண்ணி” என்று மட்டும் சொன்னாள். அது வருத்தமா பெருமையா என்று எனக்குத் தெரியவில்லை.

பதினைந்து நாள் கழித்துப் பையனின் தாயே போன் செய்தாராம். மகன் இப்போதெல்லாம் சாப்பிடும் முன், “நீ சாப்பிட்டியா, தட்டை எடுத்துட்டு வந்து உக்காரு” என்று தொல்லை பண்ணுகிறான், உங்கள் பெண் என்ன சொல்லி அனுப்பினாள் என்று கேட்டிருக்கிறார். கோபமாகக் கேட்டாரா, சிரித்துக்கொண்டு கேட்டாரா என்பதில் வீட்டில் இரண்டு கட்சி இருக்கிறது. ஆவணியில் முகூர்த்தம் பார்க்கலாமா என்று அவர்கள் பக்கம் கேட்கிறார்கள். பெண் இன்னும் சரி என்று சொல்லவில்லை. பையனோடு இன்னொரு தடவை பேச வேண்டும் என்கிறாள்.